பருத்திக்கு உறவு யார்?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், பதினோராம் வகுப்பு மாணவியருக்கு மால்வேசி குடும்பத்தைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், செம்பருத்திக்கும் பருத்தின்னு பேர் இருக்குதுங்க. எங்க தோட்டத்து வேலியில படர்ற வேலிப்பருத்திக்கும் பருத்தின்னு பேர் இருக்குதுங்க. ரெண்டுமே பருத்திக்குச் சொந்தமுங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகைப்பாட்டியல் என்னும் துறை பிறப்பதற்கே இத்தகைய கேள்விதான் காரணம். உடனே விடை கூறாமல், நம் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நிற்கும் பூவரசையும் அவற்றோடு சேர்த்து, கரும்பலகையில் மூன்று பெயர்களை எழுதினேன். "இம்மூன்றில் பருத்திக்கு மிக நெருங்கிய உறவு எது? கை தூக்குங்கள்" என்றேன். பெரும்பாலோர் செம்பருத்திக்குக் கை தூக்கினர். காய் வெடித்தால் பஞ்சு பறக்கிறதே என்று சிலர் வேலிப்பருத்தியைத் தேர்ந்தனர். பூவரசுக்கு ஒரு கையும் எழவில்லை.

விடையோ பூவரசுதான்! அது எவ்வாறு தெரிய வந்தது என்பதையும், அதனால் நமக்கு என்ன என்பதையும் சொல்வதற்கே இக்கட்டுரை.

பருத்தியை அறியாத வீடு கொங்கு நாட்டில் இல்லை எனலாம். 1888-ஆம் ஆண்டு கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது முதல் இவ்வூரின் வாழ்வு பருத்தியோடு பின்னிப் பிணைந்தது. நம் மாணவியர் பலரின் தாத்தாக்கள் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்தவர்கள். உப்பம், கருங்கண்ணி, கம்போடியா என்று பருத்தியின் பெயர்களைப் பிள்ளைகளின் பெயர்களைப் போல் சொன்னவர்கள். அத்தகைய பருத்தியின் உற்றார் உறவினர் யாரென்று அதே மண்ணில் வளரும் நம் மாணவியருக்குத் தெரியாமல் போகலாமா?

செடிகளை இனம் பிரிக்கும் பழைய வழி, பூவைப் பார்ப்பது. புல்லி எத்தனை, அல்லி எத்தனை, மகரந்தத்தாள்கள் தனித்தனியா, ஒரு கற்றையா, சூல்தண்டு பிளந்ததா, பிளவாததா என்று எண்ணி எழுதுவது. நம் கோவையிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. அங்குள்ள மதராஸ் ஹெர்பேரியத்தில் தென்னாட்டுச் செடிகள் உலர்த்தி ஒட்டப்பட்டு, தாள் தாளாகப் பாதுகாக்கப்படுகின்றன. கேம்பிள் என்பவர் 1915-இல் வெளியிடத் தொடங்கி, அவருக்குப் பின் ஃபிஷர் முடித்து வைத்த சென்னை மாகாணத் தாவர நூலும் பூவின் அமைப்பைக் கொண்டே செடிகளை வரிசைப்படுத்தியது. இவ்வழி தவறானதன்று. ஆனால் பூவின் தோற்றம் சில வேளைகளில் நம்மை ஏமாற்றும். நவீன வகைப்பாட்டின் தந்தை எனப்படும் லின்னேயசே 1753-இல் பூவரசைச் செம்பருத்தியின் பேரினத்தில் சேர்த்து, ஹைபிஸ்கஸ் பாபுல்னியஸ் என்று பெயரிட்டார். பூவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பின்னர் 1807-இல்தான் அது தெஸ்பிசியா என்ற தனிப் பேரினமாயிற்று.

பூவோடு நில்லாமல், செடியின் உடம்புக்குள் இருக்கும் வேதிப்பொருள்களையும் சாட்சிக்கு அழைப்பதே வேதி வகைப்பாட்டியல். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இதை நம் பாட்டிமார் எந்நாளும் செய்து வந்தார்கள். என் அம்மாயி ஒரு தழையைப் பறித்தால் முதலில் காம்பைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்ப்பார். பிறகு இலையைக் கசக்கி முகர்வார். "பால் வர்ற தழைய ஆட்டுக்குப் போடாத கண்ணு" என்பார். கசப்பு, காரம், மணம், பால், பிசின், சாயம் இவை யாவும் வேதிப்பொருள்களின் அடையாளங்களே. அம்மாயியின் மூக்கும் நாக்கும் செய்த வேலையைத்தான் ஆய்வுக்கூடம் இன்னும் நுட்பமாகச் செய்கிறது.

இப்பொழுது நம் மூன்று செடிகளுக்கு வருவோம்.

முதலில் வேலிப்பருத்தி. இதன் இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் சொட்டும். பருத்தியில் அப்படிப் பால் இல்லை. அந்தப் பாலில் இதயத்தைத் தாக்கவல்ல கார்டினோலைடு என்னும் நச்சுப் பொருள்கள் உள்ளன. அவ்வகை நஞ்சு வேறு எங்கே உண்டு? எருக்கிலும் அரளியிலும் உண்டு. ஆம், வேலிப்பருத்தி எருக்கின் உறவே. எருக்கும் அரளியும் இருவேறு குடும்பங்கள் என்று நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தார்கள். இன்று மரபணு ஆய்வும் துணை நிற்க, அவற்றை ஒரே குடும்பமாக வைக்கிறார்கள். பஞ்சை உற்றுப் பார்த்தாலும் உண்மை விளங்கும். பருத்தியின் பஞ்சு விதையின் மேல்தோல் முழுவதிலும் முளைக்கிறது. வேலிப்பருத்தியிலோ விதையின் ஒரு முனையில் மட்டும் குடுமி போல் நிற்கிறது. பெயரில் பருத்தி இருந்தாலும் வேலிப்பருத்திக்கும் பருத்திக்கும் நெருங்கிய உறவு இல்லை.

அடுத்தது செம்பருத்தி. இது பருத்தியின் குடும்பமே. வெண்டையும் துத்தியும் அதே குடும்பம். ஆனால் குடும்பத்திற்குள்ளும் உடன்பிறப்பு, ஒன்றுவிட்ட உறவு என்று நெருக்கத்தில் வேறுபாடு உண்டல்லவா? அதைக் காட்டிக் கொடுத்தது காசிபால் என்னும் மஞ்சள் நிறப் பொருள்.

பருத்தி விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளைப் பருப்பில் மிளகைத் தூவியது போல் கரும்புள்ளிகள் தெரியும். பருத்தி இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தாலும் அப்புள்ளிகளைக் காணலாம். அவை சிறு சுரப்பிகள். அவற்றினுள் இருப்பதே காசிபால். 1886-இல் லாங்மோர் என்பவர் பருத்தி விதை எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தார். 1899-இல் மார்ச்லெவ்ஸ்கி இதைத் தூய்மைப்படுத்தி, பருத்தியின் இலத்தீன் பெயரான காசிபியத்தை ஒட்டிப் பெயரிட்டார். தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் காவல் இது. மாடு பருத்திக்கொட்டையை ஓரளவு தின்று செரித்துவிடும். கோழிக்கும் பன்றிக்கும் அது ஆகாது.

1960-களில் இந்திய வேதியியலார் பூவரசிலிருந்து ஒரு மஞ்சள் பொருளைப் பிரித்து, தெஸ்பெசின் என்று பெயரிட்டனர். அது வேறொன்றுமில்லை, காசிபாலே என்று 1968-இல் தெளிவாயிற்று. ஒரு சிறு வேறுபாடு மட்டும் உண்டு. வலக்கை உறை, இடக்கை உறை என்பது போல் காசிபாலுக்கு இரு வடிவங்கள் இருக்கின்றன. பருத்தியில் இரண்டும் கலந்திருக்க, பூவரசில் ஒரு வடிவமே ஓங்கி நிற்கிறது. அதே 1968-இல் பால் ஃபிரிக்ஸல் என்னும் அமெரிக்கத் தாவரவியலார், காசிபால் சுரப்பிகளை முக்கிய அடையாளமாகக் கொண்டு, பருத்தியும் பூவரசும் அவற்றைச் சேர்ந்த சில பேரினங்களும் அடங்கிய தனிக் கூட்டத்தை வரையறுத்தார். செம்பருத்தியும் வெண்டையும் அச்சுரப்பிகள் இல்லாமையால் வெளியே நின்றன. 1990-களில் வந்த மரபணு ஆய்வும் இக்கூட்டம் இயற்கையானதே என்று ஒப்புக்கொண்டது.

இதைக் கேட்ட பிறகு வகுப்பை அழைத்துக்கொண்டு பூவரசின் அடிக்குச் சென்றேன். "இப்பொழுது பூவைப் பாருங்கள்" என்றேன். செம்பருத்தியின் சூல்தண்டு நுனியில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து, கிளைக்கொரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கும். பூவரசிலும் பருத்தியிலும் அது பிரியாமல் ஒரே தண்டாக நிற்கும். செம்பருத்தியின் புல்லிவட்டம் ஐந்து பற்களோடு இருக்கும். மற்ற இரண்டிலும் அது விளிம்பு வெட்டிய கிண்ணம் போல் இருக்கும். பூவரசம் பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவக்கும். பருத்திப் பூவும் வெளிர் மஞ்சளாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகும். இவ்வளவும் நம் கண்முன்னே இருந்தன. வேதியியல் வந்து தோளைத் தொட்டுக் காட்டும் வரை நாங்கள் பார்க்கவில்லை!

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். காவிரிக் கரையில் குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து திரும்பியபின், 1930-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் நம் கோவை வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றினார். பின்னர் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அவர், நீலகண்டம் என்பவரோடு சேர்ந்து நம் நாட்டுப் பருத்தியினங்களின் பூவிதழ்களில் உள்ள மஞ்சள் நிறமிகளைப் பிரித்து ஆராய்ந்தார். ஹெர்பசெடின் என்ற நிறமியின் பெயரே, உப்பம் பருத்தியின் இலத்தீன் பெயரான ஹெர்பேசியத்தை ஒட்டி அமைந்தது. பிற்காலத்தில் டில்லியில் பேராசிரியராக விளங்கி, 1960-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். நம் வீட்டுப் பெரியவர்கள் களத்தில் உதறித் தள்ளிய வாடிய பருத்திப் பூவுக்குள் உலகம் மதிக்கும் அறிவியல் இருந்தது!

உறவு இன்னும் விரிகிறது. இலவம்பஞ்சு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல பாடநூல்களில் அது நீண்ட காலம் தனிக் குடும்பமாகவே இருந்தது. எண்ணெய்ச் சோதனைக் கூடங்களில் ஹால்ஃபன் சோதனை என்று ஒன்று உண்டு. பிற எண்ணெயில் பருத்திக்கொட்டை எண்ணெய் கலந்திருந்தால் சிவப்பு நிறம் தோன்றிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இலவ விதை எண்ணெயும் அதே சிவப்பைத் தரும். இரண்டிலும் ஒரே வகையான அரிய கொழுப்பு அமிலங்கள் இருப்பதே காரணம். இன்று இலவமும் மால்வேசி குடும்பத்திலேயே வைக்கப்படுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்படியானால் பூவைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் சோதித்தால் போதுமே" என்று சிலர் நினைக்கலாம். என் கருத்து அதுவன்று. இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதையே: வேதியியல் நல்ல சாட்சி, ஆனால் அதனையே நீதிபதியாக்கிவிடக் கூடாது.

இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன். வால்பாறைக்குச் சென்றவர்கள் தேயிலையையும் காப்பியையும் ஒரே மலையில் கண்டிருப்பார்கள். இரண்டும் வெள்ளைப் பூப் பூக்கும் செடிகள். இரண்டிலும் கஃபீன் உண்டு. கஃபீனை மட்டும் நம்பினால் இவற்றை உடன்பிறப்புகள் என்று தீர்ப்பளித்து விடுவோம். உண்மையில் காப்பியின் உறவு, நம் தோட்டத்து இட்லிப்பூவும் காட்டு நுணாவும். தேயிலை வேறு குடும்பம். காப்பியின் மரபணுத் தொகுதியை 2014-இல் முழுமையாகப் படித்தபோது, இரு செடிகளும் கஃபீனைத் தயாரிக்கத் தனித்தனியே வழி கண்டுகொண்டன என்று உறுதியாயிற்று.

மற்றொன்று பருத்தியே தரும் பாடம். காசிபால் சுரப்பியே இல்லாத பருத்தி வகையை 1950-களில் அமெரிக்காவில் கண்டெடுத்தனர். 2006-இல் டெக்சாசில் கீர்த்தி ராத்தோர் குழுவினர், விதையில் மட்டும் காசிபால் மிகக் குறைந்த பருத்தியை உருவாக்கினர். காசிபால் இல்லை என்பதால் அவை பருத்தி இல்லை என்று ஆகிவிடுமா? பூவும் காயும் பஞ்சும் "நான் பருத்திதான்" என்று கூவுகின்றனவே! ஒரு சாட்சி ஊமையானாலும் மற்ற சாட்சிகள் பேசும். ஆகவே பூ, காய், விதை, சாறு, மரபணு எல்லாவற்றையும் ஒன்றுகூட்டிக் கேட்பதே அறிவுடைமை.

இனி, பெற்றோருக்கு ஒரு சொல். செடிகளை உலர்த்தி ஒட்டும் வேலையை மாணவியருக்குக் கொடுத்தபோது ஒரு தாயார் என்னிடம் வந்தார். "ஏனுங்க டீச்சர், இந்தச் செடியெல்லாம் காயப் போட்டு ஒட்டறதுல புள்ளைக்கு என்னங்க பிரயோசனம்? பரீட்சையில இது வருமுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. கட்டணம் கட்டி, பேருந்து ஏற்றி, மகளின் மதிப்பெண்ணையே நாளெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கும் தாய் அவர். நான் அவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் தோட்டத்தில் பருத்திக்குப் பக்கத்தில் வெண்டை போடுவீர்களா?" என்றேன். "ஐயோ, போடக் கூடாதுங்க. காய்ப்புழு தாவிரும்" என்றார் உடனே.

அதுவே விடை. புள்ளிக் காய்ப்புழுவுக்கு வகைப்பாட்டியல் தெரியும். பருத்தி, வெண்டை, துத்தி என்று ஒரே குடும்பத்தின் வாசலைத்தான் அது தேடிப்போகிறது. வரப்பிலுள்ள துத்தியைப் பிடுங்கிவிடுங்கள் என்று வேளாண்மை அலுவலர்கள் சொல்வது அதனால்தான். பருத்தியின் சிவப்பு நாவாய்ப் பூச்சிகள் இலவ மரத்தடியிலும் கூட்டம் கூட்டமாய் ஊர்கின்றன. செடியின் சாற்றைச் சுவைத்தே உறவு கண்டுபிடிக்கும் இப்பூச்சிகள், நமக்கு முன்பே வேதி வகைப்பாட்டியல் பயின்றவை! ஓர் உழவர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த அறிவு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. எந்தச் செடியை எதனருகில் வைக்கலாம், எந்தத் தழையை ஆட்டுக்குப் போடலாம், எதைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்பதெல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன.

நம் பள்ளியில் தாவரவியல் பெயர்களின் மனப்பாடமாகவும், வேதியியல் வாய்பாடுகளின் மனப்பாடமாகவும் தேய்ந்து வருவதைக் கண்டு நான் வருந்துகிறேன். இரண்டையும் இணைக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், சிவப்பு பளிச்சிடும். மற்றொன்றில் சலவைச் சோடா இடுங்கள், பச்சையாகும். மதிலின் மேல் படர்ந்த காகிதப்பூவின் சாற்றில் இதையே செய்து பாருங்கள். பச்சையாவதில்லை, மஞ்சளை நோக்கிப் போகும். இரண்டின் நிறமிகளும் வெவ்வேறு. காகிதப்பூவின் நிறமி பீட்ரூட்டிலும் அந்திமந்தாரையிலும் வாடாமல்லியிலும் சிவப்புத் தண்டுக்கீரையிலும் உள்ள வகை. இவ்விருவகை நிறமிகளும் ஒரே செடியில் இயற்கையாகச் சேர்ந்திருந்ததை இதுவரை யாரும் கண்டதில்லை. எலுமிச்சையும் சோடாவும் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் இரு பெரும் தாவரக் கூட்டங்களைப் பிரித்துக் காட்டிவிடலாமே!

எனவே அருட்சகோதரிகளிடம் நான் பணிவுடன் வேண்டுவது ஒன்று. நம் வளாகத்திலுள்ள பூச்செடிகளுக்கென ஓர் உலர்தாவரத் தொகுப்பை நிலையாக அமைப்போம். ஒவ்வொரு தாளிலும் செடியின் பெயர், பறித்த நாள், இடம் இவற்றோடு, பால் உண்டா, மணம் என்ன, எலுமிச்சைக்கும் சோடாவுக்கும் நிறம் எவ்வாறு மாறியது என்பதையும் மாணவியே தன் கைப்பட எழுதட்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் ஹெர்பேரியத்தைத் தம் உழைப்பால் வளர்த்தவர் இயேசு சபை அருட்தந்தை கே. எம். மேத்யூ. அவர் 1981 முதல் வெளியிட்ட தமிழ்நாட்டுத் தாவரத் தொகுதிகளுக்கு அடிப்படை, காட்டிலும் மேட்டிலும் நடந்து பறித்து, தாளில் ஒட்டி, பெயர் எழுதிய செடிகளே. தாளில் ஒட்டிய செடி இல்லாத வேதியியல் ஆய்வு முகவரி இல்லாத கடிதம் போன்றது. எந்தச் செடியின் சாறு என்று பின்னால் வருபவர் கேட்டால் காட்ட ஒன்றும் இராது.

மாணவியரே! எருக்கம் பால் கண்ணில் படக் கூடாது, அறியாத செடியை வாயில் வைக்கக் கூடாது, வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். இம்மூன்றை மட்டும் மறவாதீர்கள். மற்றபடி கேளுங்கள், கிள்ளிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், எழுதி வையுங்கள்.

அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி, மறு வாரம் தன் தோட்டத்திலிருந்து ஒரு பருத்திக் காயும், வழியில் பொறுக்கிய ஒரு பூவரசங்காயும் கொண்டு வந்தாள். இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து, "சொந்தக்காரங்க டீச்சர்" என்றாள். இந்த முறையும் வகுப்பு சிரித்தது; நானும் சேர்ந்து சிரித்தேன். நம் தொகுப்பின் முதல் இரண்டு தாள்கள் அவளுடையவையாக இருக்கட்டும்.